காக்கைக்குக் கொடுத்த வாக்கு

நைனாவின் பதினாறாம் நாள் காரியத்தில் காக்கை சோற்றைத் தொடவில்லை. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மதிலில் மற்ற நாட்களில் காக்கைக்குப் பஞ்சம் கிடையாது. முறத்தில் காயவைத்த அரிசியை விரட்ட விரட்ட வந்து தின்கிற ஜாதி. அன்றைக்கு மட்டும் எதிர்வீட்டு ஓட்டின்மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, டிக்கெட் இல்லாமல் நாடகம் பார்க்க வந்தவர்களைப் போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மதில்மேல் இலை. இலையில் சோறு, வடை, நைனாவுக்குப் பிடித்த அவரைக்காய்க் கூட்டு. பின்னால் காலையிலிருந்து பட்டினி கிடக்கிற உறவினர் கூட்டம்.

செத்தவருக்கு ஏதாவது குறை இருந்தால் காக்கை எடுக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தக் குறை இன்னதென்று கண்டுபிடித்து, ‘செய்கிறோம்’ என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னால் வந்து எடுக்கும். அம்மா முதலில் சொன்னாள்.

“சின்னவளுக்கு நல்ல எடமா பாத்து முடிச்சுடறோங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

ஒன்றும் அசையவில்லை. பெரியப்பா முன்னே வந்தார். “மெட்ராஸ் கேஸை நான் பாத்துக்கறேன்டா. நீ வந்து சாப்புடு.”

ஒரு காக்கை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி நின்றது. அவ்வளவுதான். பெரியப்பா பார்த்துக்கொள்வார் என்பதை நைனா உயிரோடு இருந்தபோதே நம்பியதில்லை.

எனக்கு அகோரப் பசி. துக்கத்தில் பசி தெரியாது என்று சொல்கிறார்களே, எனக்குப் பசி மட்டும்தான் தெரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: “சரி நைனா, வா, கடலைப் பாத்துட்டு வரலாம்.”

ஓட்டின்மேல் இருந்ததில் கிழட்டுக் காக்கை ஒன்று நேராக இறங்கி வந்து வடையைக் கவ்விக்கொண்டு போயிற்று. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பந்திக்கு ஓடினார்கள். அம்மா மட்டும் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் விளங்கியது.

கடல் விஷயம் இதுதான். தன் மாமனார் வீட்டுச் சொத்து ஒன்றைப் பற்றிய வழக்குக்காக நைனா வருஷக்கணக்கில் மெட்ராஸுக்குப் போய்வந்தார். ராத்திரி ரயிலில் போவார், கோர்ட்டில் வாய்தா வாங்குவார், ராத்திரி ரயிலில் திரும்பிவிடுவார். கோர்ட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. மைசூர் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்தவர். காரணமில்லாமல் எங்கேயும் நிற்கக்கூடாது என்பது அவருடைய உத்தியோக தர்மம். நாங்கள் கேட்டால், “கடல் எங்க போயிடப் போவுது? அடுத்த வாய்தாவுக்குப் பாத்துக்கலாம்” என்பார். கடல் போகவில்லை. அவர்தான் போனார்.

அவர் போனதற்கு நான் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்றெல்லாம் பெருமையடிக்க முடியாது, வரவில்லை. பாடை கட்டுகிறவனிடம் மூங்கில் கோணலாக இருக்கிறதென்று நைனா குரலிலேயே குறை சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். வரும், வரும் என்று தபால்காரனுக்குக் காத்திருக்கிற மாதிரி கொஞ்ச நாள் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதும் மறந்துபோயிற்று. நெடுநேரம் சம்மணம் போட்டு எழுந்தால் கால் நம்முடையதாக இல்லாமல் கூட வருமே, அப்படி ஒரு வருஷம் நடந்தது. ஆபீசுக்குப் போனேன், வந்தேன், தின்றேன். வாசலில் நைனாவின் செருப்பு விட்ட இடத்திலேயே கிடந்தது. எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அல்லது எல்லோருக்கும் தோன்றி, எல்லோரும் மற்றவருக்கு விட்டுவிட்டோம். வெளியே போகும்போது நான், அம்மா, தங்கை மூவரும் அதை மிதிக்காமல் ஒரு சின்ன வளைவாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டோம்.

அப்போது நான் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். கம்பெனி இத்தாலியிலிருந்து பெரிய லேத் ஒன்று வாங்கியது. அதைப் பழகிக்கொண்டு வர இரண்டு பேரை மிலான் பக்கம் மூன்று மாதம் அனுப்புவதாக முடிவாயிற்று. மெஷின் ஷாப்பிலிருந்து ஒரு சூப்பர்வைசர், அவன் கெட்டிக்காரன். டிராயிங் ஆபீசிலிருந்து நான். ஏன் நானென்றால், என் வாய் மூன்று மாதம் ஆபீசில் இல்லாமலிருந்தால் வேலை நடக்கும் என்று மேலே யாரோ நினைத்திருக்கவேண்டும்.

வீட்டில் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொன்னாள்.

“நைனாவோட வருஷத் திதி அப்பதான் வருது.”

“பெரியப்பா பையன் குடுக்கட்டும்மா. ஐயர்கிட்ட கேட்டாச்சு, குடுக்கலாமாம்.”

“திதி அவன் குடுப்பான். கடலுக்கு யாரு கூட்டிம்போறது?”

“எந்தக் கடலுக்கு?”

“நீதானடா சொன்ன? முப்பது பேரு முன்னாடி சொன்ன. அதை நம்பித்தான அவரு வந்து வடையை எடுத்தாரு. இத்தனை மாசமா நீ கூட்டிம்போவன்னு நானும் பாக்கறேன். நீ வாயே தொறக்கல. வருஷம் முடியறதுக்குள்ள சொன்னதைச் செய். இல்லைன்னா எங்கயும் போவாத.”

பசியில் சொன்னது என்று சொல்லிப் பார்த்தேன். “பசிச்சா பொய் சொல்லலாமா?” என்றாள். பம்பாயில்தான் விமானம் ஏறப்போகிறேன், அங்கேயே கடல் இருக்கிறதே என்றேன்.

“பிளேனுக்கு ஓடற ஓட்டத்துல காட்டுவியா? ஓடிம்போயி ஓடிம்வரத்தான் அவருக்கே தெரியுமே. நின்னு பாக்கணும். உக்காந்து பாக்கணும். திதி அன்னிக்குப் பாக்கணும்.”

இப்படித்தான் இத்தாலியில் ஒரு கடலோர நிறுத்தம் என் தலையில் விழுந்தது. அது இல்லாவிட்டால் இத்தாலியும் கிடையாது.

அதிர்ஷ்டம் பாருங்கள், திதி ஈஸ்டர் விடுமுறையில் விழுந்தது. அங்கே தொழிற்சாலைக்கு நாலு நாள் மூடல். சூப்பர்வைசர் அந்த நாலு நாளுக்கு ஏற்கெனவே திட்டம் போட்டுவிட்டான். மிலானில் ஒரு குட்டிக் காரை எடுத்துக்கொண்டு ரோம் வரைக்கும் தானே ஓட்டிப் போய்த் திரும்பவேண்டும். கன்னடக்காரன், யாரையும் குரு, மாராயா என்றுதான் கூப்பிடுவான், ஆனால் என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவான்; காரைப் பற்றி மட்டும் பேசும்போது அவனுக்கு எந்த மொழியும் போதாது. கேன்டீனில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். காக்கையை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொன்னேன்.

“கடலா? வழியிலதான் இருக்கு குரு. ஓட்டிக்கிட்டே பாத்துக்கோ. லெஃப்ட் சைடா ரைட் சைடான்னு சொல்றேன்.”

“நிக்கணும்.”

“எவ்ளோ நேரம்?”

“அரை நாள்.”

“அரை நாளா? ரோம் யாரு பாக்கறது, உங்க தாத்தாவா?”

“எங்க நைனா பாக்கணும். கடலை.”

அவன் வாயருகே கொண்டுபோன காபி அங்கேயே நின்றது. என் தகப்பனார் சாவுக்கு வந்து தோள் கொடுத்தவன் அவன். நான் விளையாடுகிறேனா என்று முகத்தைத் தேடிப் பார்த்தான். அந்த வருஷம் என் முகத்தில் அந்த மாதிரி விவரம் எதுவும் கிடைக்காது. கடைசியில் காக்கையையும் சொல்லவேண்டியதாயிற்று. நெடுநேரம் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, “சரி மாராயா. ஒரு காபி குடிக்கற நேரம் குடுக்கறேன்” என்றான். பேரம் ஒரு வாரம் நடந்தது. முடிவில் சாப்பாட்டு நேரத்தை அவன் விட்டுக்கொடுத்தான், ரோமில் ஒரு மாதாகோயிலை நான் விட்டுக்கொடுத்தேன், இரண்டு மணி நேரம் கிடைத்தது.

ஆபீசில் ஓய்ந்த நேரத்தில் ஒரு அட்லஸைப் பார்த்து டிரேசிங் காகிதத்தில் அந்தச் சாலையை வரைந்தேன். மிலான், ஜெனோவா, அங்கிருந்து கரையோரமாகக் கீழே. கெட்ட பழக்கம், வலது மூலையில் கட்டம் போட்டு அளவு, தலைப்பு எல்லாம் எழுதிவிட்டேன். தலைப்பு ‘நிறுத்தம்’. மேசையில் வைத்துவிட்டு டீக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் மற்ற படங்களோடு அதற்கும் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஆக, நைனாவின் பயணத்துக்குக் கம்பெனி அனுமதி கிடைத்தது. உயிரோடு இருந்தவரையில் கையெழுத்தில்லாமல் ஒரு காகிதத்தையும் நம்பாதவர், சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் எந்த ஊரில் நிற்பது? அட்லஸில் அந்தக் கரை முழுக்க எறும்பு ஊர்வதுபோல ஊர்ப் பெயர்கள். அப்போதுதான் அடுகோடிப் பேட்டையில் இருந்த இத்தாலிக்காரர் நினைவுக்கு வந்தார். யுத்தத்தில் கைதியாகப் பெங்களூர் முகாமுக்கு வந்தவர். முகாமைக் கலைத்து எல்லோரையும் கப்பலேற்றியபோது எப்படியோ இங்கேயே தங்கிவிட்டார். கன்டோன்மென்ட் தமிழ்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தமிழும் தக்னி உருதுவும் கிரீஸும் கலந்து பேசுவார்; இல்லை, வேண்டாம் எல்லாவற்றுக்கும் ஒரே ‘நக்கோ’தான். ஊர் பேர் கேட்கப் போனேன். சொன்னார். பிறகு அம்மா அவரை நேரில் பார்க்கவேண்டும் என்றாள். பெண் பார்க்கிற மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசலில் நைனாவின் செருப்பைக் கண்டதும், சொல்லாமலே அவரும் சுற்றித்தான் உள்ளே வந்தார்.

அம்மா டம்ளரில் காபி கொடுத்தாள். டபராவில் ஊற்றி ஆற்றிக் குடித்தார். அதிலேயே அம்மாவுக்குப் பாதி சம்மதம்.

“உங்க ஊர்ல கடல் எந்தப் பக்கமுங்க?”

“வாசப்படிலே கடல்தாம்மா. வெளியே கால் வெச்சா தண்ணி.”

“அது சரி. கெழக்கா மேக்கா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உட்கார்ந்தபடியே ஒரு கையை மலை என்று பின்னால் காட்டி, இன்னொரு கையை முன்னால் நீட்டினார். சூரியன் இங்கே வரும், அங்கே போகும் என்று காற்றில் ஒரு கோடு போட்டார். “தெக்கு. கடல் தெக்கே இருக்கு.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெற்கு செத்தவர்களின் திசை. தெற்கே பார்த்து எள்ளும் தண்ணீரும் விட நின்றால் கண்ணெதிரே கடல். மெட்ராஸில்கூட அந்த வசதி இல்லை.

“காக்கா இருக்குதா உங்க ஊர்ல?”

“காக்காவா?” என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்துக்கொண்டேன். “இருக்கு அம்மா. ஆனா இந்த மாதிரி நக்கோ. தலை கருப்பு, றெக்கை கருப்பு. ஒடம்பு மட்டும் சாம்பல். பனியன் போட்ட மாதிரி இருக்கும்.”

எனக்குக் கவலையாயிற்று. ஊர் அடிபட்டது என்றே நினைத்தேன். அம்மா யோசித்தாள்.

“சாம்பல்னா நல்லதுதான். விபூதி பூசிம் இருக்குதுன்னு வெச்சுக்கலாம்.”

இன்னும் கேட்டாள். நிழல் உண்டா, உட்காரக் கல் உண்டா, யாராவது விரட்டுவார்களா. கல்தான் உண்டு, மணல் கிடையாது, கூழாங்கல். படகுகளை மேலே இழுத்துப் போட்டிருப்பார்கள், அதன் நிழலில் உட்காரலாம். விரட்டமாட்டார்கள், வேடிக்கை பார்ப்பார்கள். எல்லாவற்றையும் மில் கணக்குப்பிள்ளை மாதிரி உணர்ச்சியில்லாமல் சொன்னார். கடைசியில் அம்மா கேட்டாள்:

“நீங்க எப்பங்க உங்க ஊருக்குப் போவீங்க? அம்மா அப்பா இருக்காங்களா?”

“தெரியாதும்மா. போவணும், போவணும்னுதான் இருக்கு.” டபராவின் விளிம்பைக் கையால் துடைத்துக் கீழே வைத்தார். “ஊரு எங்க போயிடப் போவுது?”

அம்மா எழுந்தாள். உள்ளே போய் இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்து அவர் கேட்காமலே வைத்தாள். என்னிடம், “இவரு ஊர்லயே நில்லு. வேற ஊரு பாக்காத” என்றாள். டிரேசிங்கில் அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டேன். ஏதாவது சொல்லி அனுப்பவேண்டுமா, யாரையாவது பார்க்கவேண்டுமா என்று அவரை வாசலில் கேட்டேன். “நக்கோ நக்கோ” என்று கையை ஆட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

புறப்படுகிற அன்று பெட்டியை மூடப்போனேன். அம்மா ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை மேலே வைத்தாள். கறுப்பு எள் ஏற்கெனவே கொடுத்திருந்தாள். இது கனமாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன். நைனாவின் செருப்பு.

“அவரை எப்டி கூட்டிம்போவ பின்னே? பெட்டில படுக்க வெச்சா?”

பம்பாயில் சுங்க அதிகாரி அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார். கட்டை விரல் தேய்ந்து குழிந்த பழஞ்செருப்பு. என் கால்களையும் பார்த்தார், பளபளவென்று புது பூட்ஸ். “அங்க செருப்பு கிடைக்காதா?” என்றார். “என் தகப்பனாரோடது. அவரும் வர்றார்” என்றேன். பின்னால் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், மூடி அனுப்பிவிட்டார்.

திதி அன்று காலை அந்த ஊரில் போய் நின்றோம். இத்தாலிக்காரர் சொன்னதில் ஒன்றும் பிசகில்லை. மலை பின்னால், படகுகள் கல்மேல், கடல் தெற்கே. மிலானில் தங்கியிருந்த வீட்டுக்காரியிடம் வாங்கிவந்த வெறும் சோற்றைக் காகிதத்தில் வைத்தேன். செருப்பைத் தண்ணீர் ஓரமாக, கடலைப் பார்த்தாற்போல ஜோடியாக வைத்தேன். நைனா நின்றால் எந்த இடைவெளியில் நிற்பாரோ அந்த இடைவெளியில். எள்ளும் தண்ணீரும் விட்டேன். சூப்பர்வைசர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அவன் வழக்கத்துக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டுக் காருக்குப் போய்விட்டான். இரண்டு மணி நேரம் என்னுடையது.

சோற்றை வெள்ளைக் கடல்பறவைகள் ஒரே வாயில் காலி செய்தன. இவற்றை அம்மா கணக்கில் எடுக்கமாட்டாள். மறுபடி கொஞ்சம் சோறு வைத்துக்கொண்டு தேடினேன். பின்னால் ஒரு வீட்டு மதிலில், பனியன் போட்ட காக்கை ஒன்று உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பக்கம் திரும்பி நின்றேன். ஏதாவது சொல்லவேண்டும். எங்கே போனாலும் சும்மா இராத வாய். சாவு வீட்டில்கூட ஓயாத வாய். அன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை. காலிப் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதுபோல இருந்தது.

“நைனா, கடல்” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

காக்கை அசையவில்லை. நானும் அசையவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. ஹாரன் கேட்டுத் திரும்பினேன். காற்றில் அலை பெருத்திருந்தது. ஒரு செருப்பு கல்மேல் நனைந்து கிடந்தது. மற்றதைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தேன், சற்றுத் தள்ளி, அலைக்கு நடுவில், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருந்தாலும் இறங்கியிருப்பேனா என்று சொல்ல முடியவில்லை.

சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நின்றான். “இன்னொண்ணையும் போட்டுடு குரு. ஒண்ணு வெச்சுக்கிட்டு என்ன பண்றது?”

போடவில்லை. ஏனென்று தெரியாது. செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். ரோம் பார்த்தோம். பெரிய ஊர்.

வீடு திரும்பியதும் அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். ஒற்றையைப் புரட்டிப் பார்த்தாள்.

“இன்னொண்ணு?”

“தண்ணில போயிடுச்சும்மா.”

“காக்கா எடுத்துதா?”

இங்கே ஒரு பொய் சொல்ல எனக்குத் தெரியாதா? எத்தனையோ தயாராக இருந்தது, விமானத்திலேயே ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். “இல்லைம்மா. மதில்மேலயே உக்காந்திருந்தது. வரவே இல்லை” என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் அந்தச் செருப்பின் குழியைக் கட்டை விரலால் தடவினாள்.

“எப்டிடா வரும்? அவருதான் தண்ணில எறங்கிட்டாரே.”

சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்பு வீட்டில் இருக்கக்கூடாது என்று அதை அன்றே எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்கு வெந்நீர் போட்டாள்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பினேன். வாசலில் ஒன்றும் இல்லை. சுற்றித்தான் போனேன்.